பதினாறு வயதில் குற்றம் செய்தவரை எந்த நீதிமன்றம் விசாரிக்க வேண்டும்?

இளம்பரிதி (இழையைத் தொடங்கியவர்):

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கை வெளியாகும் ஒவ்வொரு முறையும் "குற்றங்கள் அதிகரிப்பு" என்ற தலைப்பு நாளிதழ்களில் வந்துவிடுகிறது. அதன் பின்னாலேயே, சிறார் என்ற பெயரில் கொடியவர்கள் தப்பித்துவிடுகிறார்கள், வயது வரம்பை 16-ஆகக் குறைக்க வேண்டும் என்ற குரலும் எழுகிறது. 2012 டிசம்பரில் தில்லியில் ஓடும் பேருந்தில் நடந்த கொடுமைக்குப் பிறகு இந்தக் குரல் வலுப்பெற்றது. அவ்வழக்கின் சிறார் குற்றவாளி மூன்றாண்டு முடிந்து 2015 டிசம்பர் 20 அன்று விடுவிக்கப்பட்டார். அடுத்த இரண்டு நாள்களில் புதிய சிறார் நீதிச் சட்டம் மாநிலங்களவையில் நிறைவேறியது. 16 வயது நிறைந்து 18 வயது நிறையாத ஒருவர் கொடுங்குற்றம் புரிந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டால், அவரைப் பெரியவரைப் போல விசாரிக்கலாம் என்ற வழியை அச்சட்டம் திறந்துவிட்டது.

அச்சட்டம் 2016 ஜனவரி 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. எனக்கு இரண்டு ஐயங்கள். சிறார் குற்றங்கள் உண்மையிலேயே பெருகியிருக்கின்றனவா? அந்த வழியைத் திறந்ததால், எவரை மனத்தில் வைத்துத் திறந்தார்களோ அவர்கள்தாம் அதன்வழி அனுப்பப்படுகிறார்களா? துறை சார்ந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

கணக்கன்:

முதல் கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறேன். காப்பகத்தின் அறிக்கை நாட்டில் நடந்த குற்றங்களை எண்ணுவதில்லை. காவல் நிலையங்களில் பதிவான வழக்குகளைத்தான் எண்ணுகிறது. இதை மறந்தால் எந்த எண்ணும் நம்மைத் தவறான இடத்தில் கொண்டுபோய் விடும்.

பாலியல் வன்கொடுமை வழக்குகள் 2012-இல் 24,923 ஆகவும் 2013-இல் 33,707 ஆகவும் பதிவாயின. ஓராண்டில் மூன்றில் ஒரு பங்கு உயர்வு. ஆண்களின் இயல்பு ஓராண்டுக்குள் அவ்வளவு கெட்டுவிட்டது என்று எவரும் சொல்ல மாட்டார்கள். தில்லி நிகழ்வுக்குப் பின் பெண்கள் புகார் தர முன்வந்தார்கள். 2013-இல் வந்த சட்டத் திருத்தம் குற்றத்தின் வரையறையை விரித்ததோடு, இத்தகைய புகாரைப் பதிய மறுக்கும் காவல் அலுவலரையும் தண்டனைக்கு உரியவராக்கியது. அதே ஆண்டு நவம்பரில், கைது செய்தற்குரிய குற்றம் பற்றிய தகவல் வந்தால் வழக்குப் பதிவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எண் உயர்ந்ததை நல்ல அறிகுறியாகக்கூடப் படிக்கலாம்.

அதற்கு நேர்மாறான வேடிக்கை 2020-இல் நடந்தது. ஊரடங்கால் நாடே வீட்டுக்குள் முடங்கியிருந்த அந்த ஆண்டில், மொத்த வழக்குகள் 28 விழுக்காடு உயர்ந்து 66 லட்சத்தைத் தொட்டன. திருட்டு குறைந்திருந்தது, உயர்ந்தது அரசு ஊழியரின் ஆணையை மீறியதாக இந்திய தண்டனைச் சட்டம் 188-ஆம் பிரிவில் பதிந்த வழக்கு. 2019-இல் முப்பதாயிரத்துக்கும் குறைவாக இருந்த அவ்வகை வழக்குகள், 2020-இல் ஆறு லட்சத்தைத் தாண்டின. முகக்கவசம் அணியாமல் வெளியே வந்தவரும் அந்த 28 விழுக்காட்டுக்குள் இருக்கிறார்.

ஆகவே நான் எப்போதும் கொலை வழக்குகளைத்தான் முதலில் பார்ப்பேன். பிணத்தை மறைப்பது கடினம், வழக்குப் பதியாமல் விடுவதும் கடினம். 1992-இல் 40,000-ஐத் தாண்டியிருந்த கொலை வழக்குகள் 2022-இல் 28,522. இடையில் மக்கள்தொகை எவ்வளவு பெருகியது என்பதையும் சேர்த்துக்கொண்டால், இந்தச் சரிவு எந்தத் தலைப்புச் செய்தியிலும் வராதது வியப்பாக இருக்கிறது.

சிறார் மீதான வழக்குகள் 2021-இல் 31,170, 2022-இல் 30,555. அந்த 2022-இல் நாட்டில் பதிவான மொத்த வழக்குகள் 58 லட்சத்துக்கும் மேல். நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை, ஏறத்தாழ அரைதான். பிடிபட்ட சிறாரில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டோர் 16-க்கும் 18-க்கும் இடைப்பட்டவர்கள் என்பதும், பெரும்பாலோர் பெற்றோருடன் வாழ்ந்தவர்கள் என்பதும் ஆண்டுதோறும் மாறாமல் வரும் செய்திகள். வீடற்ற பிள்ளைகள்தாம் குற்றவாளிகள் ஆகிறார்கள் என்ற பொது எண்ணத்துக்கு அட்டவணையில் ஆதாரம் இல்லை.

செங்கோடன்:

கணக்கன் ஐயாவின் எண்களை நான் மறுக்கவில்லை. ஆனால் "நூற்றுக்கு அரை" என்று சொல்லும்போது, அந்த அரைக்குள் கொலையும் வன்கொடுமையும் இருக்கின்றன என்பது கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. மகளைப் பறிகொடுத்த தாயிடம் போய்ச் சராசரி பேச முடியாது. கொன்றவனுக்குப் பதினேழு வயது பத்து மாதம் என்பதால் அதிகபட்சம் மூன்றாண்டுதான் என்று சொல்லும் சட்டம், கொல்லப்பட்டவளின் உயிருக்கு என்ன மதிப்புத் தருகிறது? சீர்திருத்தம், மறுவாழ்வு என்ற சொற்கள் எல்லாம் குற்றவாளியைச் சுற்றியே இருக்கின்றன. பாதிக்கப்பட்ட குடும்பத்தின் மறுவாழ்வு பற்றி இத்தகைய விவாதங்களில் எவரும் வாய் திறப்பதில்லை. 2015 சட்டம் கொஞ்சமாவது அந்தக் குறையைத் தீர்த்தது என்பதே என் கருத்து. அதை இன்னும் கடுமையாக்க வேண்டும்.

நீதிவாணி:

சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் வழக்குகளை நடத்துபவள் என்ற முறையில் இரண்டாவது கேள்விக்கு விரிவாகவே எழுதுகிறேன். செங்கோடன் அவர்களின் வருத்தம் நியாயமானது. ஆனால் 2015 சட்டம் அந்த வருத்தத்தைத் தீர்க்கும்படி அமைந்திருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் நடைமுறை. குழுமத்தில் ஒரு நீதித்துறை நடுவரும் இரு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள். அவ்விருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். 16 வயது கடந்தவர்மீது கொடுங்குற்ற வழக்கு வந்தால், 15-ஆம் பிரிவின்படி முதற்கட்ட மதிப்பீடு ஒன்றைக் குழுமம் மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும். அந்தக் குற்றத்தைப் புரியும் மன, உடல் ஆற்றல் அவருக்கு இருந்ததா, அதன் விளைவைப் புரிந்துகொள்ளும் திறன் இருந்ததா, எந்தச் சூழலில் அதைச் செய்தார் என்பவைதாம் கேள்விகள். பெரியவராக விசாரிக்கலாம் என்று குழுமம் முடிவு செய்தால், வழக்கு குழந்தைகள் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே 19-ஆம் பிரிவின்படி அதே கேள்வி மறுபடியும் ஆராயப்படும். தண்டனை விதிக்கப்பட்டாலும் 21 வயது வரை, சிறை அல்லாத 'பாதுகாப்பு இடம்' என்ற தனி ஏற்பாட்டில்தான் வைக்க வேண்டும். அந்த வயதில் அவர் திருந்தியிருக்கிறாரா என்று நீதிமன்றம் பார்த்து, வெளியே விட்டுக் கண்காணிக்கலாம், அல்லது மீதிக் காலத்துக்குச் சிறைக்கு அனுப்பலாம். தூக்கும், விடுதலைக்கு வாய்ப்பே இல்லாத ஆயுள் தண்டனையும் கூடாது.

இதில் ஒரு முரண்பாடு இருக்கிறது. எந்தச் சூழலில் குற்றத்தைச் செய்தாய் என்று மதிப்பீட்டில் கேட்கிறார்கள்; அவர் செய்தார் என்பதே இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை. "நான் அங்கே இல்லவே இல்லை" என்று சொல்லும் பையன் அந்தக் கேள்விக்கு என்ன விடை சொல்வான்? மேலும், பல மாதங்களுக்கு முன் ஒரு நாளில் ஒருவனுடைய மனம் எவ்வளவு முதிர்ந்திருந்தது என்பதை இன்று அளந்து சொல்ல எந்தக் கருவியும் இல்லை. 2022 ஜூலையில் வெளியான ஒரு தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், குழந்தை உளவியல் அறிந்தவர் குழுமத்தில் இல்லாவிட்டால் வல்லுநரின் உதவியைப் பெறுவது கட்டாயம் என்றது. நல்ல தீர்ப்புத்தான். ஆனால் அரை மணி நேரம் பேசிவிட்டு, "விளைவைப் புரிந்துகொள்ளும் திறன் உண்டு" என்று ஒரு வரியில் சான்றிதழ் தருவதை நான் பார்த்திருக்கிறேன். கொலை தவறு என்று தெரியுமா என்று கேட்டால் பத்து வயதுப் பிள்ளையும் தெரியும் என்றுதான் சொல்லும். தெரிந்திருந்தும் கூட்டாளிகள் சுற்றி நிற்கும் அந்த நொடியில் தன்னை அடக்கிக்கொள்ள முடிந்ததா என்பதுதான் பதின்பருவத்தின் சிக்கல். அது இந்தக் கேள்வித்தாளில் இல்லை.

அடுத்து, எவர் சிக்குகிறார்கள் என்ற கேள்வி. சட்டத்தின்படி, குறைந்தபட்சத் தண்டனையே ஏழாண்டு அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் அது கொடுங்குற்றம். அதற்கு அடுத்த படியில் உள்ளது கடுங்குற்றம்; அதில் சிறாரைப் பெரியவராக விசாரிக்க வழியில்லை. 2016-இல் தில்லியில், 18 வயது நிறையச் சில நாள்களே இருந்த ஒருவர் ஓட்டிய சொகுசுக் கார் மோதி ஓர் இளைஞர் இறந்தார். கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்துக்குக் குறைந்தபட்சத் தண்டனை எதுவும் சட்டத்தில் சொல்லப்படவில்லை என்பதால் அது கொடுங்குற்றம் ஆகாது என்று 2020 ஜனவரியில் ஷில்பா மித்தல் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 மே மாதம் புனேயில் இருவர் உயிரைப் பறித்த கார் வழக்கிலும், 17 வயதுச் சிறுவனைப் பெரியவராக விசாரிக்கக் கேட்ட காவல் துறையின் மனுவை அங்குள்ள குழுமம் 2025-இல் ஏற்கவில்லை. கொலை முயற்சிக்கும் குறைந்தபட்சத் தண்டனை கிடையாது. அரிவாளால் வெட்டப்பட்டவர் பிழைத்துக்கொண்டால், அந்தப் பிரிவு ஒன்றை மட்டும் வைத்து வெட்டியவரைப் பெரியவராக விசாரிக்க முடியாது.

மறுபக்கம் பாருங்கள். 17 வயதுப் பையனும் 16 வயதுப் பெண்ணும் காதலித்து வீட்டை விட்டுப் போகிறார்கள். பெண்ணின் தந்தை புகார் தருகிறார். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தில் 18 வயது நிறையாதவரின் இசைவு செல்லாது. 2019 திருத்தத்துக்குப் பின் அக்குற்றத்தின் குறைந்தபட்சத் தண்டனை பத்தாண்டு. ஆக, இந்தப் பையன் சட்டப்படி கொடுங்குற்றம் சாட்டப்பட்டவன்; முதற்கட்ட மதிப்பீட்டுக்கு உட்பட்டே ஆக வேண்டும். இத்தகைய காதல் வழக்குகள் குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் 2019-இலும் 2021-இலும் கவலை தெரிவித்து, சட்டத்தைத் திருத்துவது பற்றிச் சிந்திக்கச் சொன்னது. தில்லிப் பேருந்துக் குற்றவாளியை மனத்தில் வைத்து எழுதிய சட்டத்துக்குள், காரால் இருவரைக் கொன்றவர் வரவில்லை, காதலித்தவன் வந்துவிட்டான். இளம்பரிதி கேட்ட கேள்விக்கு என் விடை இதுதான்.

செங்கோடன்:

அம்மா, இது சட்டத்தை எழுதியவர்களின் பிழை. பட்டியலைத் திருத்துங்கள் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். வழியையே அடைக்கச் சொல்ல இது காரணமாகாது.

ஓய்வுபெற்ற ஆய்வாளர்:

காவல் துறையில் இருந்தவன் என்ற முறையில் கணக்கன் தம்பியின் எண்களோடு ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். 2016-இல் வந்த மாதிரி விதிகளின் 8-ஆம் விதிப்படி, குற்றச்சாட்டு கொடுங்குற்றமாக இருந்தாலோ, பெரியவர்களோடு சேர்ந்து செய்திருந்தாலோ ஒழிய, சிறார்மீது முதல் தகவல் அறிக்கை பதியவே கூடாது. நிலையத்தின் பொது நாட்குறிப்பில் எழுதி, சமூகப் பின்புல அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்பினால் போதும். இந்த விதியை அறிந்த நிலையங்களும் உண்டு, அறியாத நிலையங்களும் உண்டு. கைப்பேசி பறித்த பையன்மீது ஓரிடத்தில் வழக்கு இருக்கும், இன்னோர் இடத்தில் நாட்குறிப்புப் பதிவு மட்டும் இருக்கும். எனவே ஒரு மாநிலத்தில் சிறார் குற்றம் அதிகம், இன்னொன்றில் குறைவு என்று ஒப்பிடுவதை நான் நம்புவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கஞ்சாப் பொட்டலத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கவும், எதிராளியின் நடமாட்டத்தை நோட்டம் பார்க்கவும், சில வேளைகளில் கத்தியைப் பிடிக்கவும்கூடச் சிறுவர்களை அனுப்புவது ரவுடிக் கும்பல்களின் பழைய உத்தி. "உனக்கு ஒன்றும் ஆகாது, மூன்று வருடத்தில் வந்துவிடலாம்" என்று சொல்லித்தான் அனுப்புவார்கள். சட்டவிரோதச் செயலுக்குச் சிறாரைப் பயன்படுத்தும் பெரியவருக்கு ஏழாண்டு வரை கடுங்காவலும் 5 லட்சம் ரூபாய் அபராதமும் சிறார் நீதிச் சட்டம் 83-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 95-ஆம் பிரிவும் அதையே தனிக் குற்றமாக்கி, மூன்றாண்டுக்குக் குறையாத சிறை என்கிறது. என் பணிக்காலத்தில் 83-ஆம் பிரிவைச் சேர்த்து எழுதிய இறுதி அறிக்கைகளை (குற்றப்பத்திரிகைகளை) அரிதாகவே பார்த்தேன். பிடிபட்டவன் பையன், அனுப்பியவனைத் தேடிப் பிடித்து மெய்ப்பிப்பது கூடுதல் வேலை. சிறுவனுக்குத் தண்டனையைக் கூட்டினால் அனுப்புகிறவன் பதினைந்து வயதுப் பையனைத் தேடுவான். அவ்வளவுதான் நடக்கும்.

தமிழ்ச்செல்வி:

நான் மேல்நிலைப் பள்ளி ஆசிரியை. இழையில் பேசப்படாத ஒன்றைக் கேட்க விரும்புகிறேன். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பட்டியல் சாதி மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் பள்ளியில் உடன்படித்த மாணவர்கள். அதைப் பதின்பருவ அவசரம் என்று நான் ஏற்க மாட்டேன். வீட்டிலும் தெருவிலும் பெரியவர்கள் கற்றுக்கொடுத்த பாடம் அது. அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழுவும் 2024-இல் அளித்த அறிக்கையில், பள்ளிக்குள் சாதி அடையாளங்களைத் தடுப்பது பற்றிப் பல பரிந்துரைகளைத் தந்தது. என் கேள்வி எளியது: இத்தகைய மாணவன், விசாரணைக் காலத்தில் சிறாரை வைக்கும் கூர்நோக்கு இல்லத்தில் சில வாரங்கள் இருந்துவிட்டு அதே தெருவுக்குத் திரும்பினால், அந்த இல்லம் அவனிடம் எதை மாற்றியிருக்கும்?

நீதிவாணி:

தமிழ்ச்செல்வி அம்மாவின் கேள்விக்கு நேரான விடை: பெரும்பாலும் எதையும் மாற்றுவதில்லை. சட்டம் ஒவ்வொரு சிறாருக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் ஒன்றைக் கேட்கிறது. அதற்கு அடிப்படை நன்னடத்தை அலுவலர் தயாரிக்கும் சமூகப் பின்புல விசாரணை. அந்த அலுவலர் வீட்டுக்குப் போய், பள்ளிக்குப் போய், அவனுடைய கூட்டாளிகள் எவர் என்று அறிந்து எழுத வேண்டும். நான் காணும் அறிக்கைகள் பலவற்றில் "குடும்ப வறுமை, தீய நண்பர்கள்" என்ற இரண்டு காரணங்களும் பெயரை மட்டும் மாற்றி அப்படியே திரும்ப வருகின்றன. சாதி வெறியோடு வெட்டியவனுக்கும் பசிக்காகத் திருடியவனுக்கும் ஒரே தாள்.

இல்லங்களின் நிலை அதைவிட மோசம். 2022 டிசம்பர் 31 அன்று செங்கல்பட்டு அரசு இல்லத்தில், திருட்டுக் குற்றச்சாட்டில் கொண்டுவரப்பட்ட 17 வயதுச் சிறுவன் தாக்கப்பட்டு இறந்தான். இல்லப் பணியாளர்களே கைதானார்கள். இல்லங்களைச் சீரமைக்க வழி சொல்லும்படி அரசு அமைத்த ஒருநபர் குழுவும் நீதிபதி சந்துரு தலைமையிலானதுதான். இந்திய மாகாணங்களில் முதன்முதலில் சிறார்க்கெனத் தனிச் சட்டம் இயற்றியது 1920-இல் சென்னை மாகாணம். அங்கே நூறாண்டு கழித்து இது நடந்தது.

செங்கோடன் அவர்கள் கேட்ட பாதிக்கப்பட்டவர் உரிமையும் இதோடு தொடர்புடையதே. சிறாரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்ற 74-ஆம் பிரிவு தேவையான பாதுகாப்பு. ஆனால் அதைக் காரணம் காட்டி, வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்பதைக்கூடப் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குச் சொல்லாமல் விடுவதற்குச் சட்டத்தில் இடமில்லை. அந்தக் குடும்பம் அலைக்கழிக்கப்படுவதால்தான் "தப்பித்துவிட்டான்" என்ற எண்ணம் வலுப்படுகிறது.

கணக்கன்:

பெரியவர்களுக்கான சிறைக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்பதையும் எண்களால் பார்த்துவிடலாம். 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள்; அவர்களை வைக்க இருந்த இடம் 4,36,266 பேருக்கு மட்டும். உள்ளே இருந்தவர்களில் 75.8 விழுக்காட்டினர் தண்டனை பெறாத விசாரணைக் கைதிகள். தண்டனை பெற்றவருக்காவது தொழிற்பயிற்சி உண்டு. விசாரணைக் கைதிக்குக் காத்திருப்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. 21 வயது நிறையாதவரைக் கூடுமானவரை சிறைக்கு அனுப்பாதீர்கள் என்று 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டமே சொல்கிறது. அந்தச் சட்டத்தை எத்தனை நீதிமன்றங்கள் தாமாக நினைவில் கொள்கின்றன என்பது வேறு கதை.

வெளிநாட்டு அனுபவமும் உண்டு. 1899-இல் சிகாகோவில் உலகின் முதல் சிறார் நீதிமன்றத்தை நிறுவிய அமெரிக்காதான், 1990-களில் இரக்கமற்ற இளங்குற்றவாளிகளின் அலை வரப்போகிறது என்று சில அறிஞர்கள் எச்சரித்ததை நம்பி, மாநிலந்தோறும் சிறாரைப் பெரியவர் நீதிமன்றத்துக்கு அனுப்பும் சட்டங்களை விரித்தது. அந்த அலை வரவே இல்லை. இளையோர் வன்குற்றங்கள் அதே பத்தாண்டின் நடுவிலிருந்து சரிந்தன. 2007-இல் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையங்கள் வெளியிட்ட வல்லுநர் குழு மதிப்பாய்வு, பெரியவர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டவர்கள் மாற்றப்படாதவர்களைக் காட்டிலும் கூடுதலாக மீண்டும் வன்குற்றத்தில் ஈடுபட்டார்கள் என்று முடிவு கூறியது. செங்கோடன் அவர்கள் அடுத்துப் பாதிக்கப்படப்போகிறவரைப் பற்றிக் கவலைப்படுகிறார் என்றால், இந்த முடிவை அவர் புறந்தள்ள முடியாது.

செங்கோடன்:

புறந்தள்ளவில்லை. ஆனால் அமெரிக்கச் சிறை வேறு, 21 வயது வரை பாதுகாப்பு இடத்தில் வைத்துப் பின் மறுபடி மதிப்பிடும் நம் முறை வேறு. அந்த மதிப்பாய்வை அப்படியே இங்கே பொருத்துவது சரியா என்று கணக்கன் ஐயாவே சொல்லட்டும். என் நிலைப்பாடு இது: உயிர் பறிபோன வழக்குகளிலும், வன்முறையோடு நடந்த பாலியல் குற்றங்களிலும் அந்த வழி இருக்கட்டும், வயதால் நெருங்கியவர்களின் காதலை அதிலிருந்து எடுத்துவிடுங்கள். பணக்கார வீட்டுப் பிள்ளை ஓட்டிய கார் கொன்றால் கடுங்குற்றம், ஏழைப் பையன் கத்தி கொன்றால் கொடுங்குற்றம் என்ற பாகுபாட்டையும் நீக்குங்கள்.

கணக்கன்:

பாதுகாப்பு இடம் என்று சட்டம் சொல்லும் ஏற்பாடு தனிக் கட்டடமாக, தனிப் பணியாளர்களோடு உண்மையிலேயே இயங்கும் மாவட்டங்களில் உங்கள் வாதத்துக்கு வலு உண்டு. கூர்நோக்கு இல்லத்திலேயே ஓர் அறையைப் பூட்டி அந்தப் பெயரை வைத்தால் வலு இல்லை.

நீதிவாணி:

செங்கோடன் அவர்கள் கேட்பதில் பாதியை நாடாளுமன்றம் ஏற்கெனவே பரிசீலித்துவிட்டது என்பதைச் சொல்ல வேண்டும். ஷில்பா மித்தல் தீர்ப்பு, இந்த இடைவெளியை நிரப்புவது சட்டமியற்றும் அவையின் பொறுப்பு என்று சொல்லி, நிரப்பும் வரை அத்தகைய குற்றங்களைக் கடுங்குற்றமாகவே கொள்ள வேண்டும் என்றது. 2021 திருத்தச் சட்டம் அந்த ஏற்பாட்டையே நிலையாக்கிவிட்டது. குறைந்தபட்சத் தண்டனை இல்லாதவையும் அது ஏழாண்டுக்குக் குறைவாக இருப்பவையும், அதிகபட்சம் ஏழாண்டைத் தாண்டினால் கடுங்குற்றமே என்று வரையறையில் எழுதியாயிற்று. புதிய சன்ஹிதாவின் 105-ஆம் பிரிவு, கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்தின் கடுமையான வகைக்கு ஐந்தாண்டு என்ற குறைந்தபட்சத்தை இப்போது சேர்த்திருக்கிறது. ஏழுக்குக் கீழே இருப்பதால் கார் வழக்குகளின் நிலை மாறவில்லை. இவ்வழக்குகளில் பொறுப்பு பெரியவர்மீது விழும் ஓர் இடம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 199அ பிரிவு: வண்டியைக் கொடுத்த பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு ஓராண்டுக்கு நீக்கம், அந்தச் சிறாருக்கு 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் கிடையாது.

போக்சோ பக்கம் எந்த மாற்றமும் வரவில்லை. அதனால் இன்றைய நிலையில், காதல் வழக்கில் வரும் பையனுக்காக நான் முதற்கட்ட மதிப்பீட்டில்தான் வாதாட வேண்டியிருக்கிறது. அங்கே "சூழல்" என்ற கேள்வி ஒன்றுதான் அவனுக்குத் துணை. அந்தப் பெண்ணின் வாக்குமூலத்தைக் குழுமம் அந்தக் கேள்வியின் கீழ் படிக்க ஒப்புக்கொண்டால் வழக்கு குழுமத்திலேயே நிற்கும். ஒப்புக்கொள்ளாவிட்டால் குழந்தைகள் நீதிமன்றத்துக்குப் போகும்.